ஒரு சதவீத வேகம் குறைந்ததால் தோற்ற ராக்கெட்.. எஸ்எஸ்எல்வி எப்படி வேலை செய்கிறது? 3 பயணங்களில் நடந்தது என்ன?

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு புது ராக்கெட் கிளம்பியது. முதல் அடுக்கு எரிந்தது, பிரிந்தது. இரண்டாவது அடுக்கும் அப்படியே. மூன்றாவதும் சரியாக எரிந்து முடிந்தது. செயற்கைக்கோள்களும் பிரிந்தன. எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில மணி நேரம் கழித்து இஸ்ரோ சொன்ன செய்தி வேறு: "செயற்கைக்கோள்களை இனிமேல் பயன்படுத்த முடியாது."

எந்த அடுக்கும் வெடிக்கவில்லை, ராக்கெட் கடலிலும் விழவில்லை. அப்புறம் எப்படித் தோற்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், சின்ன ராக்கெட் எப்படி வடிவமைக்கப்படுகிறது, அதில் எது சுலபம், எது கஷ்டம் என்பதும் புரிந்துவிடும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் ஏன் புதிய ஏவுதளம் வருகிறது என்பதும் விளங்கும். விரிவாகப் பார்க்கலாம்.

எஸ்எஸ்எல்வி என்றால் என்ன?

எஸ்எஸ்எல்வி என்பது சிறிய செயற்கைக்கோள்களை விண்ணுக்குக் கொண்டுபோவதற்கென்றே இஸ்ரோ உருவாக்கிய ராக்கெட். உயரம் 34 மீட்டர், விட்டம் 2 மீட்டர், கிளம்பும்போது எடை 120 டன். இஸ்ரோவின் நம்பிக்கைக் குதிரையான பிஎஸ்எல்வி 44 மீட்டர் உயரமும் 320 டன் எடையும் கொண்டது. அதன் பக்கத்தில் நிறுத்தினால் இது குட்டி ராக்கெட்தான்.

சுமார் 500 கிலோ எடையை 500 கி.மீ. உயரமுள்ள சுற்றுப்பாதைக்கு இது கொண்டுபோகும். துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதை என்றால் சுமார் 300 கிலோ. இதை உருவாக்கவும், 3 சோதனைப் பயணங்களுக்கும் சேர்த்து மத்திய அரசு ஒதுக்கியது 169 கோடி ரூபாய்.

ஏற்கெனவே பிஎஸ்எல்வி இருக்கும்போது இது எதற்கு?

பிஎஸ்எல்வியை ஆம்னி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய பேரை ஏற்றிக்கொண்டு போகும், தலைக்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் பஸ் கிளம்பும் நேரத்துக்குத்தான் நாம் போக வேண்டும், பஸ் போகும் ஊரில்தான் இறங்க வேண்டும். செயற்கைக்கோள் விஷயத்திலும் இதே கதைதான். பெரிய செயற்கைக்கோளுடன் ஒட்டிக்கொண்டு போகும் சின்னச் செயற்கைக்கோள், பெரியதற்காகக் காத்திருக்க வேண்டும். அது போகும் பாதையிலேயே இதுவும் இறங்கிக்கொள்ள வேண்டும்.

எஸ்எஸ்எல்வி கால் டாக்சி மாதிரி. கூப்பிட்டால் வரும், சொன்ன இடத்தில் இறக்கிவிடும். இந்த ராக்கெட்டை 72 மணி நேரத்தில், சுமார் 6 பேர் கொண்ட குழுவே பொருத்தி முடிக்க வேண்டும் என்பதுதான் இஸ்ரோ ஆரம்பத்தில் சொன்ன இலக்கு. பிஎஸ்எல்விக்கு இதே வேலையில் இன்னும் நிறைய பேர் வாரக்கணக்கில் ஈடுபட வேண்டும்.

இந்த ஒரு தேவைதான் ராக்கெட்டின் மொத்த வடிவமைப்பையும் தீர்மானித்தது.

மூன்று அடுக்கும் திட எரிபொருள்.. ஏன்?

சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால், ஏவுதளத்தில் வைத்து திரவ எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் எஸ்எஸ்எல்வியின் 3 முக்கிய அடுக்குகளிலும் திட எரிபொருள்தான். முதல் அடுக்கில் 87 டன், இரண்டாவதில் 7.7 டன், மூன்றாவதில் 4.5 டன்.

கூட்டிப் பாருங்கள், சுமார் 99 டன். ராக்கெட்டின் மொத்த எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் எரிபொருள் மட்டுமே! கடைசியில் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரும் பொருள் அதிகபட்சம் அரை டன். அதாவது 120 டன் கிளம்பினால், அதில் அரை சதவீதம்கூட மேலே தங்குவதில்லை.

திட எரிபொருளின் நல்ல குணம், அது எப்போதும் தயாராக இருக்கும். குழாய், பம்ப், வால்வு என்று சிக்கலான சாமான்களும் குறைவு. தீபாவளி ராக்கெட்டை யோசித்துப் பாருங்கள். திரியைப் பற்றவைத்தால் போதும், கிளம்பிவிடும்.

ஆனால் அதே தீபாவளி ராக்கெட்டைப் பாதியில் அணைக்க முடியுமா? முடியாது. கேஸ் அடுப்பு மாதிரி குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. பற்றினால் பற்றியதுதான். மூன்று அடுக்கும் எரிந்து முடிந்த பிறகு, கணக்கிட்ட வேகத்தைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதைச் சரிசெய்ய யாராவது வேண்டும் இல்லையா?

அந்த வேலையைச் செய்வதுதான் விடிஎம்

மூன்றாவது அடுக்குக்கு மேலே, செயற்கைக்கோளுக்குக் கீழே, விடிஎம் என்ற சிறிய பகுதி இருக்கிறது. வேகத்தைத் திருத்துவதுதான் இதன் வேலை. இதில் மட்டும் திரவ எரிபொருள், அதுவும் சுமார் 50 கிலோதான். தேவைப்பட்டால் எரியும், போதும் என்றால் நிற்கும்.

99 டன் எரிபொருள் செய்யும் வேலையை கடைசியில் 50 கிலோ எரிபொருள் திருத்தி முடிக்கிறது. கல்யாணச் சமையலில் அண்டா அண்டாவாகச் சமைத்துவிட்டு, இறக்கும் நேரத்தில் உப்பு சரிபார்ப்பது போலத்தான் இது. அளவு சின்னது. ஆனால் அது தவறினால் மொத்தமும் வீண்.

ஒருமுறை போனால் திரும்பி வராதா?

வராது. எஸ்எஸ்எல்வி ஒருமுறை மட்டுமே பயன்படும் ராக்கெட். எரிந்து முடிந்த அடுக்குகள் கடலில் விழும்.

'ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் திரும்பி வந்து தரையிறங்குதே, நாம ஏன் அப்படிப் பண்ணல?' என்று பலரும் கேட்பதுண்டு. திரும்பி வர, இன்ஜினை அணைத்து மறுபடியும் பற்றவைக்க வேண்டும். திட எரிபொருளில் அது நடக்காது. தரையிறங்கத் தனியாக எரிபொருள், கால்கள், கருவிகள் எல்லாம் சுமந்துகொண்டு போகவும் வேண்டும். 500 கிலோ மட்டுமே தூக்கும் ராக்கெட்டில் இந்தக் கூடுதல் எடையை ஏற்றினால், செயற்கைக்கோளுக்கு இடம் எங்கே? அதனால் திரும்பக் கொண்டுவருவதைவிட, குறைந்த செலவில் புதிதாகச் செய்வதே இந்த ராக்கெட்டின் கணக்கு.

முதல் பயணம்: அந்த நொடியில் நடந்தது என்ன?

இப்போது 2022 ஆகஸ்ட் 7-க்கு வருவோம். ராக்கெட்டில் 2 செயற்கைக்கோள்கள் இருந்தன. ஒன்று இஸ்ரோவின் 135 கிலோ எடையுள்ள இஓஎஸ்-02. இன்னொன்று 8 கிலோ எடையுள்ள ஆசாதிசாட். சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டுதலில், நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்களித்து உருவாக்கியது அது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு.

இரண்டையும் 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் விட வேண்டும் என்பதுதான் திட்டம்.

இரண்டாவது அடுக்கு பிரியும்போது, கருவிகள் பொருத்தப்பட்ட தளத்தில் ஓர் அதிர்வு ஏற்பட்டது. மிகமிகக் குறுகிய நேரம்தான். ராக்கெட்டுக்கும் அதனால் ஆபத்தில்லை. ஆனால் அந்த அதிர்வு, ராக்கெட்டின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகளைப் பாதித்துவிட்டது. மளிகைக் கடையில் 10 கிலோ தராசில் 50 கிலோ மூட்டையைத் தூக்கிப் போட்டால் முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நிற்கும் அல்லவா? முடுக்கமானிகளும் அப்படித்தான் ஒரு கணம் முட்டி நின்றன.

மூட்டையை எடுத்ததும் தராசு சரியாகிவிடும். இந்தக் கருவிகளும் அப்படித்தான். ஆனால் ராக்கெட்டின் மென்பொருள் அதுவரை பொறுக்கவில்லை. எந்தக் கருவியாவது பழுதானால் அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவைக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அதில் உண்டு. 'முடுக்கமானிகள் கெட்டுப்போச்சு, இனி இதை நம்பக்கூடாது' என்று அது முடிவெடுத்துவிட்டது.

உடனே ராக்கெட் மீட்பு முறைக்கு மாறியது. அதாவது, 'இப்போது எங்கே இருக்கிறேன், என்ன வேகத்தில் போகிறேன்' என்று பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு போவதை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த கணக்குப்படி கண்ணை மூடிக்கொண்டு போக ஆரம்பித்தது. மூன்றாவது அடுக்கு சரியாகவே எரிந்தது. ஆனால் கடைசித் திருத்தத்துக்குத் தேவையான உந்துதல் விடிஎம்மிலிருந்து கிடைக்கவில்லை.

எவ்வளவு வேகம் குறைந்தது?

356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்கு சுமார் 7,690 மீட்டர் வேகம் வேண்டும். சென்னையிலிருந்து மதுரைக்குச் சாலை வழியாக சுமார் 460 கி.மீ. இந்த வேகத்தில் அந்தத் தூரத்தை ஒரே நிமிடத்தில் கடந்துவிடலாம்!

செயற்கைக்கோள்கள் போய்ச் சேர்ந்ததோ, ஒரு பக்கம் 356 கி.மீ., மறுபக்கம் வெறும் 76 கி.மீ. உயரம் கொண்ட நீள்வட்டப் பாதை. அந்தப் பாதையை வைத்துக் கணக்குப் போட்டால், குறைந்த வேகம் நொடிக்கு சுமார் 80 மீட்டர்தான். அதாவது ஏறக்குறைய ஒரு சதவீதம்.

பரீட்சையில் 100-க்கு 99 எடுத்தால் கொண்டாடுவோம். விண்வெளியில் அது ஃபெயில். காரணம் இதுதான்: ஓரிடத்தில் வேகம் குறைந்தால், பூமியின் மறுபக்கத்தில் உயரம் குறையும். 76 கி.மீ. உயரத்தில் காற்று மெலிதாக இருந்தாலும், அந்த வேகத்தில் வரும் பொருளை இழுத்துப் பிடித்துச் சூடாக்க அதுவே போதும். அதனால் செயற்கைக்கோள்கள் பாதையில் நீடிக்க முடியாமல் அழிந்துபோயின. 750 மாணவிகளின் உழைப்பும் அதோடு போனது.

தப்பு எங்கே, திருத்தம் என்ன?

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 99 டன் எரிபொருளை எரிப்பது போன்ற கடினமான வேலை எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக நடந்தது. சறுக்கியது, 'எந்தக் கருவியை நம்புவது, எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்த்து முடிவெடுப்பது' என்ற மென்பொருள் தீர்மானத்தில். ராக்கெட்டைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடே அதை வழிதவற வைத்தது.

ஆய்வுக்குப் பிறகு முக்கியமாக 3 மாற்றங்கள் செய்யப்பட்டன:

1. இரண்டாவது அடுக்கைப் பிரிக்கும் அமைப்பு மாற்றப்பட்டது. மூன்றாவது அடுக்கில் ஏற்கெனவே வேலை செய்த, அதிர்வு குறைந்த அமைப்பு இங்கேயும் வந்தது.

2. கருவி பழுதா இல்லையா என்று முடிவெடுக்கும் மென்பொருள் விதிகள் திருத்தப்பட்டன. நொடிப்பொழுது அதிர்வை நிரந்தரக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதபடி அவை மாற்றி எழுதப்பட்டன.

3. ஒருவேளை மீட்பு முறைக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை. இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்கள் தரும் இருப்பிடத் தகவலை வைத்து வழியைத் திருத்திக்கொள்ள ஏற்பாடு செய்யப்பட்டது.

இரண்டாவது பயணம்: 6 மாதத்தில் மீண்டு வந்தது

2023 பிப்ரவரி 10. நேரம் மறுபடியும் காலை 9.18 மணிதான். இந்த முறை இஸ்ரோவின் 156 கிலோ இஓஎஸ்-07, அமெரிக்க நிறுவனமான அன்டாரிஸின் ஜானஸ்-1, அதோடு ஆசாதிசாட்-2. ஆமாம், அதே ஸ்பேஸ் கிட்ஸ் அமைப்பு மாணவிகளோடு சேர்ந்து இன்னொரு செயற்கைக்கோளை உருவாக்கிக் கொண்டுவந்தது. சுமார் 15 நிமிடத்தில் மூன்றும் 450 கி.மீ. உயரத்தில் சரியான வட்டப் பாதையில் விடப்பட்டன. வெற்றி!

மூன்றாவது பயணம்: சோதனைக் கட்டம் முடிந்தது

2024 ஆகஸ்ட் 16 காலை நடந்த மூன்றாவது பயணத்தில் 175 கிலோ எடையுள்ள இஓஎஸ்-08, எஸ்ஆர்-0 டெமோசாட் என்ற சிறு செயற்கைக்கோள் இரண்டும் 475 கி.மீ. உயரப் பாதைக்குப் போயின. இரவிலும் படம்பிடிக்கும் அகச்சிவப்புக் கேமரா, ககன்யான் திட்டத்துக்காகப் புற ஊதாக் கதிர்வீச்சை அளக்கும் கருவி எல்லாம் இஓஎஸ்-08-ல் இருந்தன. இந்த வெற்றியோடு எஸ்எஸ்எல்வியின் உருவாக்கக் கட்டம் முடிந்தது என்று இஸ்ரோ அறிவித்தது.

3 பயணம், 1 தோல்வி, 2 வெற்றி. புது ராக்கெட்டுக்கு இது மோசமான கணக்கா? கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்எல்வி-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முயற்சியில் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 18-ல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டுச் சாதித்தது. ஏஎஸ்எல்வி 1987, 1988 என்று தொடர்ந்து இரண்டு முறை தோற்றது. பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் 1993-ல் தோல்விதான். அதுவும் இரண்டாவது, மூன்றாவது அடுக்குகள் பிரியும் கட்டத்தில் வந்த கட்டுப்பாட்டுச் சிக்கலால்! ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1, மூன்று முறை தோற்று நான்காவது முறையாக 2008-ல்தான் ஜெயித்தது.

குலசேகரப்பட்டினம் ஏன் முக்கியம்?

எஸ்எஸ்எல்வியின் 3 பயணங்களும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கிழக்குப் பக்கமாகக் கடல் மேல் போகும் பாதையில் நடந்தன. ஆனால் பூமியைப் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது, துருவங்களின் மேலாகச் சுற்றும் பாதை. அதற்கு ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே போனால் வழியில் இலங்கை. எரிந்த அடுக்குகள் மக்கள் மேல் விழக்கூடாது என்பதால், ராக்கெட் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தாண்டிய பிறகு தெற்கே திரும்ப வேண்டும். இந்தச் சுற்றுவழி எரிபொருளைத் தின்னும். பெரிய ராக்கெட்டான பிஎஸ்எல்வி அதைத் தாங்கிக்கொள்ளும். அரை டன் தூக்கும் குட்டி ராக்கெட்டுக்கு அது பேரிழப்பு. ஒரு சதவீத வேகம் குறைந்தாலே என்ன ஆகும் என்று பார்த்தோமே!

குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் முன்னால் இந்தியப் பெருங்கடல்தான். வளைந்து போக வேண்டிய அவசியம் இல்லை. மிச்சமாகும் எரிபொருளுக்கு ஈடாகச் செயற்கைக்கோளின் எடையைக் கூட்டலாம். தசரா திருவிழாவுக்குப் பேர்போன இந்த ஊரில், சுமார் 986 கோடி ரூபாய் மதிப்பிலான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். 2025 ஆகஸ்டில் கட்டுமானப் பணிக்கான பூமி பூஜையில் இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் பங்கேற்றார்.

இனி யார் செய்வார்கள்?

இனிமேல் இந்த ராக்கெட்டைத் தயாரிக்கப்போவது இஸ்ரோ இல்லை. 2025 ஜூனில் நடந்த ஏலத்தில் பெங்களூரு எச்ஏஎல் நிறுவனம் 511 கோடி ரூபாய்க்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பெறும் வாய்ப்பை வென்றது. செப்டம்பரில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. 24 மாதங்களில் தொழில்நுட்பம் முழுவதும் கைமாற வேண்டும். அந்தக் காலத்தில் இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு 2 ராக்கெட்டுகளை எச்ஏஎல் செய்து பழக வேண்டும். அதற்குப் பிறகு செய்வது, விற்பது, ஏவுவது எல்லாம் அதன் பொறுப்பு. தேவையைப் பொறுத்து ஆண்டுக்கு 6 முதல் 12 ராக்கெட்டுகள் வரை செய்யலாம் என்பது திட்டம்.

வாடிக்கையாளர் வருவார்களா?

உண்மையான சோதனை இதுதான். கால் டாக்சி நல்ல விஷயம்தான், ஆனால் பஸ் கட்டணம் ரொம்பக் குறைந்துவிட்டால் டாக்சியை யார் கூப்பிடுவார்கள்? 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ஒரே பயணத்தில் 143 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அந்த மாதிரி கூட்டுப் பயணத்தில் ஒரு கிலோவுக்கு ஆகும் செலவோடு எந்தக் குட்டி ராக்கெட்டும் நேரடியாக மோத முடியாது.

இந்தப் போட்டியில் விழுந்தவர்களும் உண்டு. விமானத்தின் இறக்கையிலிருந்து ராக்கெட் ஏவிய விர்ஜின் ஆர்பிட், 2023-ல் திவாலானது. ஃபால்கன் 1 ராக்கெட்டையே 5 பயணங்களோடு ஓரங்கட்டிவிட்டது ஸ்பேஸ்எக்ஸ். இன்னொரு பக்கம், நியூசிலாந்திலிருந்து பறக்கும் ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் 2017-ல் முதல் பயணத்தில் தோற்று, 2024 ஜூனில் 50-வது பயணத்தைத் தொட்டது. எங்கே வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்டு, அதற்காகக் கூடுதல் பணம் தரத் தயாராக இருக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு எலக்ட்ரான் சாட்சி. உள்ளூரிலும் போட்டி உண்டு. ஹைதராபாத்தின் ஸ்கைரூட், சென்னையின் அக்னிகுல் இரண்டும் இதே சந்தையைக் குறிவைத்துச் சொந்த ராக்கெட்டுகளைச் செய்கின்றன.

அதனால் அடுத்த முறை எஸ்எஸ்எல்வி கிளம்பும்போது, அது மேலே போகுமா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். போகும் என்று 2 முறை நிரூபித்துவிட்டது. ஆர்டர் வந்ததிலிருந்து ஏவும் நாள்வரை எத்தனை நாள் ஆனது, ஆண்டுக்கு எத்தனை ராக்கெட் கிளம்புகிறது, அதில் எத்தனை குலசேகரப்பட்டினத்திலிருந்து போகிறது என்று பாருங்கள். ஒருமுறை மட்டுமே பறக்கும் ராக்கெட், அடிக்கடி பறந்தால்தான் கட்டுப்படியாகும். கூப்பிட்டதும் வரும் என்று சொல்லிச் செய்த டாக்சி, சொன்ன நேரத்துக்கு வருகிறதா என்பது இனிமேல்தான் தெரியும்.